வயக்காட்டு வீட்டின் நடுச்சுவர்

ஒக்கூரைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருக்கும் எங்கள் வீட்டைக் கட்டியவர் அப்பாவின் தாத்தா. விளைந்த நெல்லைப் போட்டுவைக்கத்தான் முதலில் ஒற்றை அறை எழுப்பினாராம். பிறகு அதைச் சுற்றி வீடு வளர்ந்தது. செம்பூரான் கல் சுவர், ஒன்றரை முழ அகலம். சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். கூடத்தின் குறுக்கே ஓடும் ஒரே உத்தரம்தான் நாட்டு ஓட்டுக் கூரையைத் தாங்குகிறது.

நான் ஏழாவது படிக்கும்போது அந்தக் கூடத்தின் நடுவே ஒரு செங்கல் சுவர் வந்தது. கிணற்றுத் தண்ணீரை யார் முதலில் பாய்ச்சுவது என்று அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தொடங்கிய பேச்சு அப்படி முடிந்தது. அடுப்படி எங்களுக்கு, தலைவாசல் அவர்களுக்கு. நாங்கள் கொல்லைப்புறமாகவே வீட்டுக்குள் போய்வரப் பழகிக்கொண்டோம். பின்னால் சித்தப்பா காரைக்குடிக்குக் குடிபோனார். போன வருடம் அப்பா இறந்தபோது சுடுகாடு வரை வந்தவர், வீட்டுக்குள் மட்டும் வரவில்லை.

இந்த மழையில் கூரை ஒழுகியது. கொத்தனாரைக் கூட்டிவந்தேன். உத்தரம் உளுத்துவிட்டது என்றார். பிறகு நடுச்சுவரின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார்.

"உத்தரத்த மாத்தணும்னா இந்தச் செவத்த எடுக்கணும்க்கா. பழைய கல்லோட கோக்காம சும்மா ஒட்டி நிக்குது. எடுத்தா வீட்டுக்கு ஒரு கீறல் விழுகாது."

சுவரில் சித்தப்பாவுக்கும் பாதி உண்டு. காரைக்குடிக்குப் போய்த் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன சொல்றீக சித்தப்பா?"



"நல்லாக் கோத்துக் கட்டுன்னு அன்னைக்கு நாந்தான் சத்தம் போட்டேன். தாத்தா வச்ச கல்லுல உளி படக் கூடாதுன்னு அண்ணன் விடவே இல்ல. இடிச்சிரு ஆத்தா. நானும் வாரேன்."

சொன்னபடி வந்தார். மதியத்துக்குள் சுவர் போய்விட்டது. தூசி அடங்கிப் பார்த்தால், என் நினைவில் இருந்ததைவிடக் கூடம் சிறியது. எங்கள் பக்கத் தரையில் சிவப்புச் சிமெண்டு, அவர்கள் பக்கம் பழைய சுண்ணாம்புத் தரை.

"அண்ணன் கடைசில எங்குட்டுப் படுத்திருந்தாக?" என்று கேட்டார் சித்தப்பா.

சன்னலோரத்தைக் காட்டினேன். அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.