அட்டைப்பெட்டியும் வெள்ளை வேட்டியும் கொண்டு அண்ணன் செய்த விளக்குகள்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

எங்கள் அண்ணன் காலமாகி இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, தங்கையான நானே எழுதுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணனைப் பற்றி அவர்கள் அறிந்தது பாதிதான்.

பிள்ளைகளுக்கு அவர் 'டப்பா மாமா'. ஹாலில் பாதி இடத்தை அட்டைப்பெட்டிக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் கொடுத்துவிட்டு, போட்டோ எடுக்கிறவர்களுக்கு விளக்குகளும், அந்த விளக்குக்குத் திரைகளும் செய்துகொண்டிருந்தவர். அந்த டப்பாக்களில் ஆரம்பத்தில் செய்த ஒன்றைக் கொண்டு அவர் ஆறு பேருடைய வேலையைக் காப்பாற்றினார். அதைத்தான் முக்கியமாக எழுத விரும்புகிறேன்.

அண்ணன் பிறந்தது மராத்தி பேசும் ஊரான தேஹு ரோடு கன்டோன்மென்டில், டிப்போ ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸில். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் அப்பா அந்த ராணுவ டிப்போவில் தொழிலாளியாக இருந்தார். நான் அண்ணனுக்கு ஆறு வயது இளையவள். அண்ணன் ஐ.டி.ஐ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா மாரடைப்பில் இறந்தார். குடும்பத்தில் ஒருவருக்கு டிப்போவிலேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். வந்த உறவினர் அத்தனை பேரும் அண்ணன்தான் சேரப்போகிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். அண்ணன் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, அந்த வேலைய நீ எடுத்துக்கோ. கையில தொழில் இருக்கு, எனக்கு எங்கயாவது கிடைக்கும். உனக்கு வேற யார் குடுப்பாங்க?"

"எனக்கு இந்தியே சரியா வராதுடா," என்றார் அம்மா.

"போனா வந்துடும்."

அம்மா போனார். இந்தியும் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கி, கடைசி நாள்வரை யாரிடமும் கை நீட்டாமல் வாழ்ந்தார். அன்றைக்கு எங்கள் மாமாக்கள் அண்ணனைப் பிழைக்கத் தெரியாதவன் என்று திட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களே பிற்பாடு அம்மாவிடம் வந்து உதவி கேட்டதும் நினைவிருக்கிறது.

அண்ணனுக்கு ஆகுர்டியில் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மோட்டார் சைக்கிள் உதிரிபாகங்களுக்குக் குரோம் பூச்சுப் போடும் இடம். லோக்கல் ரயிலில் ஒரே ஸ்டேஷன் தூரம். சில வருடங்களில் பூச்சு சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கும் பிரிவுக்கு மாறினார். ஏரவாடாவில் தையற்கடை வைத்திருந்தவரின் மகளான அண்ணியைத் திருமணம் செய்துகொண்டார். ஒரே மகன் பிறந்தான்.

போட்டோ ஆசை அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்து கிடையாது. அது வேலையில் வந்தது. பூச்சில் குறை இருக்கும் பாகங்களைப் படம் பிடித்து அறிக்கையோடு அனுப்பச் சொன்னார்கள். முதல் நாள் மொபைலில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். குரோம் கண்ணாடி மாதிரி இருந்ததால் படத்தில் குறை தெரியவில்லை. மேலே எரியும் டியூப் லைட்டும் அண்ணன் மூக்கும்தான் தெரிந்தன. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதை அப்படியே விட அவருக்கு மனமில்லை.

கடையில் விற்கும் விளக்குச் சாமான்களை விசாரித்தார். தொழிற்சாலையும் வாங்கித் தராது, நம்மாலும் முடியாது என்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். மூன்று பக்கம் சன்னல் மாதிரி வெட்டி, டிரேசிங் பேப்பர் ஒட்டினார். உள்ளே தெர்மாகோல். வெளியே இரண்டு பக்கமும் ஹாலஜன் விளக்கு. விளக்கு நேராக அடிக்காமல் பேப்பரில் பட்டுப் பரவி வரும்போது பளபளப்பு அடங்கும் என்பது அவர் கணக்கு.

கணக்கு சரி, விளக்கு தப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெர்மாகோல் உருகி நாற்றம் வந்தது. அடுத்த நிமிடம் பேப்பர் பற்றிக்கொண்டது. அண்ணி ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கி, ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார்.

"என்னங்க, வீட்டக் கொளுத்திட்டா போட்டோ எடுக்கப் போறீங்க?"

"பல்பு சூடு ஜாஸ்தி. எல்.இ.டி. போட்டிருக்கணும். பேப்பரும் வேணாம், துணிதான் சரி," என்றார் அண்ணன். அண்ணி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

இரண்டாவது பெட்டி தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில்தான் தொழிற்சாலையில் பிரச்சினை வந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று, அனுப்பிய சைலன்சர் கவர்களில் ஒரு லோடு முழுவதையும் திருப்பி அனுப்பியது. பூச்சு மோசம், எல்லாவற்றிலும் கீறல் என்று எழுதியிருந்தார்கள். பூச்சு முடிந்த பாகங்களைத் துடைத்து அடுக்குவது ஆறு பெண்களின் வேலை. எல்லோரும் கான்டிராக்டில் இருந்தவர்கள். அவர்கள் வளையல் பட்டுத்தான் கீறல் விழுந்தது என்று மேனேஜர் முடிவு கட்டினார். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்களில் மூத்தவர் சவிதா தாய். மராத்திக்காரர்; அவர்கள் மொழியில் 'தாய்' என்றால் அக்கா. "வளையலை கேட்டிலேயே கழற்றிப் பையில் போடுகிறோம், கையுறை போட்டுத்தான் தொடுகிறோம்" என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணன் மேனேஜரின் அறைக்குப் போனார். அங்கே இந்தியில் நடந்த பேச்சை அவர் பின்னால் எங்களிடம் சொன்னபடி எழுதுகிறேன்.

"சார், ரெண்டு நாள் குடுங்க. ஒவ்வொரு பீஸையும் சரியா படம் பிடிச்சுக் காட்டறேன்."

"உன் வேலை பரிசோதனை. இது ஸ்டூடியோ இல்ல."

"படத்துல வளையல் கீறல்னு தெரிஞ்சா, திங்கட்கிழமை அவங்களோட நானும் வரல."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். மகன் அப்போது பத்தாம் வகுப்பு.

"அப்படியா சொல்லிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"வளையல் இல்லன்னு நிச்சயமாத் தெரியுமா?"

"கீறல் எப்படி விழுந்துச்சுன்னு தெரியாது. அவங்க பொய் சொல்லலன்னு தெரியும்."

அண்ணி உள்ளே போய், பொங்கலுக்கு எடுத்த புது வேட்டியைக் கொண்டுவந்து, அளவு கேட்டு, இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்துக் கொடுத்தார். பழைய வேட்டியில் மஞ்சள் ஏறியிருக்கும், வெளிச்சமும் மஞ்சளாகும் என்பது அவருக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தப் பெட்டியைத் தலையில் சுமந்து லோக்கலில் ஏறினார் அண்ணன். கேன்டீன் மூலையில் வைத்து நாள் முழுக்கப் படம் எடுத்தார். சாயங்காலம் எனக்குப் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"பாப்பா, பெட்டி ரொம்ப நல்லா வேலை செய்யுது. அதான் தொல்லை. கீறலையும் சேர்த்து மறைச்சுடுது."

வேட்டித் துணி வழியாக வந்த வெளிச்சத்தில் பாகம் முழுவதும் ஒரே சீராக, புள்ளியோ கொப்புளமோ கறையோ இல்லாமல் இருந்தது. பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் கீறல் எங்கே, யார் போட்டது என்பதற்குப் பதில் இல்லை. சாப்பிட்டுப் படுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தேஹு ரோடு பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, காலை வெயில் பக்கவாட்டில் சாய்வாக விழுந்து, ஸ்டீல் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்த ஒவ்வொரு கீறலும் வெள்ளைக் கோடாக மின்னியதைப் பார்த்தார். தொழிற்சாலைக்குப் போனதும் வேட்டித் துணியைக் கழற்றினார். பெட்டியின் உள்பக்கம் முழுக்கக் கறுப்புச் சார்ட் ஒட்டினார். ஒரு பக்கத்தில் மட்டும், கீழ் விளிம்புக்குப் பக்கத்தில், விரல் அகலத்துக்கு ஒரு நீளமான பிளவு வெட்டி, அதற்கு வெளியே ஒரு பல்பை வைத்தார். கறுப்பாகத் தெரிந்த குரோமில் கீறல்கள் மட்டும் பளிச்சென்று எழுந்து நின்றன. பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

எடுக்க எடுக்க அவருக்கே புரிந்தது. வளையல் பட்டால் கீறல் வளைந்து, கண்ட இடத்தில் விழ வேண்டும். இவை நேர்க்கோடுகள். எல்லாப் பாகத்திலும் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில், ஜோடி ஜோடியாக இருந்தன. திரும்பி வந்த பெட்டிகளைப் போய்ப் பார்த்தார். முன்பெல்லாம் பாகங்களுக்கு நடுவே ஸ்பாஞ்சு வைப்பார்கள். இப்போது அட்டைத் தடுப்பு. ஒவ்வொரு தடுப்பையும் இணைத்திருந்தவை இரண்டு இரும்புப் பின்கள்.

வெளியூர்க் கம்பெனியின் அதிகாரி நேரில் வந்தார். அண்ணன் இரண்டு வகைப் படங்களையும் மேசையில் அடுக்கினார். அதிகாரி ஒரு பாகத்தை எடுத்து அட்டைத் தடுப்பில் வைத்துப் பார்த்தார். இரும்புப் பின்கள் இரண்டும் கீறல் மேலேயே போய் உட்கார்ந்தன.

"பேக்கிங்கை மாற்றியது யார்?" என்று கேட்டார்.

மாற்றியது மேனேஜர். அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அண்ணன் அவர் பெயரைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆறு பெண்களும் வேலைக்கு வந்தார்கள். மேனேஜர் யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அண்ணனை மட்டும் இரண்டாம் ஷிப்டுக்கு மாற்றினார். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே வைத்திருந்தார். அண்ணன் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. காலையில் நல்ல நேரம் கிடைக்கிறது என்று சொல்லி, அடுத்த விளக்கைச் செய்ய ஆரம்பித்தார்.

அந்த வாரமே சவிதா தாய் பூரண்போளி செய்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்கள் அண்ணனை 'பாவு', அதாவது சகோதரன், என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாவு, என்னை இதுக்குள்ள உட்கார வச்சு எடுத்தா என் கீறல் எல்லாம் தெரியுமா?" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பு கீழ் வீடுவரை கேட்டது.

அண்ணன் அந்தக் கேலியை வேலையாகவே எடுத்துக்கொண்டார். ஒரு ஆள் உயரத்துக்குப் பிளாஸ்டிக் குழாயில் சட்டம் பூட்டி, அண்ணி தைத்த வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, பின்னால் எல்.இ.டி. பல்புகளை வைத்தார். எதிர்ப்பக்கம் சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கி ஒட்டிய அட்டை. சவிதா தாய் எடுத்துக்கொண்ட படம் அவர் வீட்டுச் சுவரில் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவர்களை எண்ண முடியாது. ஏரவாடாவில் கவரிங் நகை விற்கும் பெண்கள், கோயம்புத்தூரிலிருந்து வந்து வீட்டில் கேக் செய்யும் ஐ.டி. தம்பதி, கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் புதிதாகக் கிளம்பியவர்கள். யார் வந்தாலும் முதலில் என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்பார். பிறகு உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பார். பழைய குடை, ஷூ வந்த பெட்டி, காரில் வைக்கும் வெள்ளி நிற வெயில் மறைப்பு, இப்படி ஏதாவது ஒன்று எல்லோர் வீட்டிலும் இருந்தது. துணிக்கும் பல்புக்கும் ஒரு சாண் இடைவெளி என்பதை மட்டும் எல்லோரிடமும் இரண்டு முறை சொல்லுவார்.

அவரிடம் குறையே இல்லை என்று எழுதினால் அண்ணி ஒப்புக்கொள்ள மாட்டார். பிடிவாதம் அதிகம். என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு விளக்கெல்லாம் தன்னுடையதுதான் என்று அடம்பிடித்தார். சடங்கின் நடுவே யாரோ மின்விசிறியைத் தூக்கி வைக்க, குழாய்ச் சட்டம் காற்றில் சாய்ந்து தட்டுகளின் மேல் விழுந்தது. சம்பந்தி வீட்டார் முன் எனக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று நாள் நான் அவர் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் வீட்டுக்கே வந்தார்.

"அடியில மணல் பை வைக்கல பாப்பா. தப்பு என்னோடதுதான்," என்றார். கையில் அரிசிப் பையில் மணல் நிரப்பித் தைத்த இரண்டு மூட்டைகள். கல்யாணத்துக்கும் அவர் விளக்குதான். படங்கள் நன்றாக வந்தன.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. டாக்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டபோது, "இங்கயே சொல்லுங்க, என் ரிப்போர்ட்டை நான் பார்க்க வேணாமா?" என்றார். வாழ்நாள் முழுக்கப் பரிசோதனை செய்தவர். நான்கு மாதங்கள் இருந்தார். வலி குறைந்த நாட்களில் கட்டிலில் சாய்ந்துகொண்டு அண்ணியிடம் குழாய் இணைப்புகளை வரிசையாகச் சொல்லி எழுத வைத்தார். கடைசி வாரம் பேச்சு குறைந்தது. காலை ஏழு மணிக்கு, மகன் கையைப் பிடித்திருக்க, அமைதியாகப் போய்விட்டார்.

அந்த நான்கு மாதமும் முறை வைத்து மருத்துவமனையில் இருந்த சவிதா தாய்க்கும் அவருடைய தோழிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ரத்தம் கொடுத்த லோக்கல் ரயில் நண்பர்களுக்கும், ஒளிக்காமல் பேசிய டாக்டருக்கும், பதின்மூன்று நாளும் எங்கள் வீட்டு அடுப்பை எரியவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், தொலைவிலிருந்து வந்து போன உறவினர்களுக்கும் நன்றி.

பெயர் தெரியாத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். காரியம் முடிந்த மறுநாள், மண் நகை செய்கிற ஒரு பெண் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தார். இங்கே ஒருவர் போட்டோ டப்பா செய்து தருவாராமே என்று கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் வாசலிலேயே மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட நினைத்தேன். அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அதற்குள் அண்ணி உள்ளேயிருந்து எழுந்து வந்தார்.

"நில்லும்மா," என்றார். "நகை எவ்வளவு பெரிசு?"