இரண்டு பக்கமும் செவலை

பாப்பா, தம்பி, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். தம்பிக்கு அப்போ ஒண்ணாவது படிக்கிற வயசு, பாதி மறந்திருக்கும். பாப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆனா நீ ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் எடுக்கல. இப்படியே விட்டா, "எங்க அப்பா வூட்ல உக்காந்து கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிக்கினு இருப்பாரு"ன்னு நாளைக்கு ஒரே வரியில முடிச்சிடுவீங்க. அந்த ஏதோ என்னன்னும், பூனை எப்படிப் போச்சுன்னும் நானே எழுதி வச்சிடறேன்.

நான் பிளஸ் டூவோட நின்னவன். மெயின் பஜார்ல ஒரு ஸ்டூடியோவில வேலை கத்துக்கிட்டேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கிறது, கல்யாண ஆல்பத்தில பொண்ணு முகத்துப் பருவை அழிக்கிறது, மாமனார் சட்டையில சிந்தின சாம்பாரை அழிக்கிறது, இதுதான் வேலை. அப்புறம் எல்லார் கையிலயும் கேமரா வச்ச போன் வந்துச்சு. முகூர்த்த மாசத்தில வந்தா போதும்னு முதலாளி சொல்லிட்டாரு. உங்க அம்மாவுக்குக் கம்பெனி ஆபீஸ்ல பர்மனெண்ட் வேலை, குவார்ட்டர்ஸ் அவங்க பேர்ல. பிளாக்ல எனக்கு "மேடம் வூட்டுக்காரர்"னுதான் பேரு. அதில எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை. ஆனா அம்மா கம்பெனி பஸ் ஏறி, நீங்களும் ஸ்கூல் போன பிறகு கையைக் கட்டிக்கினு உக்காந்திருக்கிறது கஷ்டமா இருந்துச்சு.

ஸ்டூடியோவில என்கூட வேலை செஞ்சு பெங்களூருக்குப் போன ஒருத்தர், லீவுல வந்தப்போ ஒரு ஊரைக் காட்டினாரு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற ஊர். அங்கேயும் ரோடு, வீடு, கடை எல்லாம் உண்டு. ஆனா யாரும் சொந்த முகத்தோட வர மாட்டாங்க. அவங்களுக்குப் பதிலா அவதார்னு ஒரு உருவம் நடமாடும். அதில ஒரு கூட்டத்துக்கு மனுஷ உருவமே பிடிக்காது. நரியா, ஓநாயா, புலியா வருவாங்க. ரெண்டு கால்ல நிப்பாங்க, வாலை ஆட்டுவாங்க, டான்ஸ் ஆடுவாங்க. அந்த உருவம் வாங்கும்போது களிமண் பொம்மை மாதிரி மொட்டையா இருக்கும். அதுமேல ரோமத்தைப் படமா வரைஞ்சு போர்த்தணும். அந்தப் போர்வைக்கு ஸ்கின்னு பேரு. அதை வரைஞ்சு விக்கிற வேலையைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் மெக்கானிக் ஒருநாள் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, "என்ன சார், நரிக்குச் சட்டை தைக்கிறீங்களா? அளவு யாரு எடுத்தது?"ன்னாரு. அவர் சொன்னது தப்பில்லை, கிட்டத்தட்ட தையல் வேலைதான். உருவத்தோட தோலை முதுகு ஒரு துண்டு, கால் ஒரு துண்டுன்னு வெட்டி, ஒரு சதுரத்துக்குள்ள தட்டையா விரிச்சு வச்சிருப்பாங்க. அதுமேல வரையணும். திரும்ப உருவத்தில மாட்டும்போது துண்டும் துண்டும் சேர்ற இடம் தெரியக் கூடாது.

ஆரம்பத்தில நான் வரைஞ்ச ரோமம் எல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சு கிடக்கும். வாங்கின ஒருத்தர் இங்கிலீஷ்ல ஏதோ எழுதியிருந்தாரு. பாப்பா, நீதான் அதை எழுத்துக்கூட்டிப் படிச்சு, "இது ஓநாய் இல்லையாம்பா, கால்மிதியாம்"னு சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சே.

அப்பத்தான் பூனையைப் பார்த்தேன். அதுக்கு முன்னாடியே அது நம்ம வூட்ல இருந்துச்சு, பின்வாசல் வழியா தானா வந்து சேர்ந்தது. பாப்பா ஒரு பேரு வச்சே, தம்பி ஒரு பேரு வச்சான், யாரும் விட்டுக்கொடுக்காததால கடைசி வரைக்கும் அது வெறும் பூனையாவே இருந்துச்சு. வெள்ளை உடம்பு, இடுப்புகிட்ட முதுகுல இருந்து இறங்கின மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செவலைத் திட்டு. பாப்பா கையால சோறு வச்சாதான் தின்னும். தம்பி வயித்தோட ஒட்டிக்கினுதான் தூங்கும். அது வராம தம்பி கண்ணை மூட மாட்டான்.

நான் அதைத் தடவிப் பார்த்துத்தான் பாடம் படிச்சேன். கழுத்தில இருந்து வாலைப் பார்த்துப் போற ரோமம் தோள்கிட்ட வந்து சுழிச்சுக் கீழே இறங்கும். வயித்தில மெல்லிசாகி, ரெண்டு பக்கத்து ரோமமும் நடுவில வந்து சந்திக்கும். ஸ்டூடியோ கேமராவைக் கேட்டு வாங்கிட்டு வந்து கிட்டத்தில வச்சுப் படம் எடுத்தேன். கரித்தூசி விழற நம்ம ஊர்ல காலையில வெள்ளையா இருக்கிறது சாயங்காலம் வெள்ளையா இருக்காது, மாடியில துணி காயப் போடறவங்களுக்கு அது தெரியும். அதனால ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால பூனையைத் துடைச்சிட்டுத்தான் எடுப்பேன். மெக்கானிக் வீட்டம்மா வேலிக்கு அந்தாண்ட நின்னு, "மாப்பிள்ளை வூட்லயிருந்து எத்தனை மணிக்கு வர்றாங்க?"ன்னு கேப்பாங்க.

பூனை பின்வாசல் படியில வெயில் காயும்போதுதான் எடுப்பேன். வலது பக்கத்தைத் தரையில வச்சுத்தான் அது படுக்கும். திருப்பிப் போட்டா கோவிச்சிக்கினு எழுந்து போயிடும். எனக்குத் திருப்ப வேண்டிய அவசியமும் இல்லை. இந்த வேலையில பாதி உடம்பு வரைஞ்சா போதும். இடது பக்கத்தை முடிச்சிட்டு, கண்ணாடியில தெரியற மாதிரி அப்படியே புரட்டி வலது பக்கத்தில ஒட்டிடலாம். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. கண்ணு, மூக்கு எல்லாம் உருவத்தோடயே வந்துடும். அதனால முகத்தையும் நான் படம் எடுக்கல.

தட்டையா விரிச்ச தோல்ல செவலைத் திட்டை முதல் முதல்ல பார்த்தது தம்பிதான். "அம்மா, அப்பா பூனையை உரிச்சுட்டாரு"ன்னு ஒரே அழுகை. அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க. பூனை கட்டிலுக்கு அடியில உக்காந்து காலை நக்கிக்கினு இருந்துச்சு. அதைத் தூக்கிக் கையில கொடுத்த பிறகும் தம்பிக்கு விசும்பல் நிக்கல. தோலை உருவத்தில மாட்டி, அதை நடக்க விட்டுக் காட்டினேன். அப்புறம்தான் சிரிச்சான்.

நான் செஞ்சதிலேயே அதிகமா வித்தது அந்தத் தோல்தான். எந்தெந்த நாட்டு ஆளுங்களோ நம்ம பூனையைப் போர்த்திக்கினு அந்த ஊர்ல நடந்தாங்க. சாயங்காலம் ஆனா நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கமா என் நாற்காலியில தொத்திக்கினு, நம்ம பூனை டான்ஸ் ஆடுது, நம்ம பூனை மாடி வீடு வாங்கியிருக்குன்னு பார்ப்பீங்க. நிஜப் பூனை நம்ம காலடியில படுத்திருக்கும். குனிஞ்சு பார்க்கிறதை விட நிமிர்ந்து பார்த்ததுதான் அதிகம். அந்த நாளை இப்போ நினைச்சா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

அம்மாவுக்குப் பிரமோஷன் வந்து, வேற பிளாக்ல பெரிய குவார்ட்டர்ஸ் கிடைச்சுது. சாமானெல்லாம் வண்டியில ஏத்தி, பூனையை ஒரு பிளாஸ்டிக் கூடையில துண்டு விரிச்சு, மேல இன்னொரு கூடையைக் கவுத்துக் கட்டிக் கொண்டு போனோம். புது வூடு அதுக்குப் பிடிக்கல. அந்த வாரத்திலேயே காணாமப் போச்சு. தம்பி பின்கதவைச் சாத்த விடல. "பூனைக்குத் தட்டத் தெரியாதுப்பா"ன்னான். அப்புறம் அவன் சரியா சாப்பிடல, காய்ச்சல் வந்துச்சு. டாக்டர் மருந்து எழுதிட்டு, "பூனையைத் தேடிக் கொடுங்க"ன்னும் சொன்னாரு.

காணவில்லைன்னு ஒரு நோட்டீஸ் ஒட்டலாம்னு பாப்பா சொன்னே. போட்டோவுக்காகக் கேமரா கார்டைத் திறந்து பார்த்தேன். எதைத் திறந்தாலும் ரோமம். முழுப் பூனை ஒண்ணுல கூட இல்லை. போன்ல ஒரே ஒரு படம், அதிலயும் அது தம்பி சட்டைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கினு இருந்துச்சு.

அப்போ நான் ஒண்ணு செஞ்சேன். நம்ம பூனைத் தோலை மாட்டின அவதாரை நாலு கால்ல நிக்க வச்சு, கண்ணை மஞ்சளாக்கி, படம் எடுத்தேன். ஒரு பக்கம் மட்டும் போட்டா ஜனங்களுக்கு அடையாளம் தெரியாதுன்னு, இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். ஸ்டூடியோவில கலர்ல போட்டு வாங்கிட்டு வந்தேன். தம்பி, நீ அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "அப்படியே இருக்குது"ன்னே. பாப்பா மட்டும் தலையைச் சாய்ச்சுப் பார்த்துட்டு, "ஏதோ மாதிரி இருக்குப்பா"ன்னு சொன்னே. இங்க் கம்மியா விழுந்திருக்கும்மான்னு சொல்லிட்டுப் பசையைக் கலக்கப் போயிட்டேன். ஒரு நிமிஷம் உன் பக்கத்துல நின்னு நானும் பார்த்திருக்கலாம்.

பஸ் ஸ்டாப்பு, பால் பூத்து, பழைய பிளாக் எல்லா இடத்திலயும் ஒட்டினோம். பார்த்தவங்க எல்லாம் நல்லா செஞ்சிருக்கீங்கன்னாங்க. எனக்கும் அது பெருமையாத்தான் இருந்துச்சு. தினமும் சாயங்காலம் உங்க ரெண்டு பேரையும் வண்டியில உக்கார வச்சுப் பழைய வூட்டுப் பக்கம் போய்க் கூப்பிட்டுப் பார்ப்போம். அந்த நேரத்தில அங்க பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, நாய்ங்க திரியும். ஒரு பூனையும் கண்ணுல படல.

மழைக்காலம் முடிஞ்ச பிறகு ஒருநாள் காலையில, பாப்பாவைப் பழைய பிளாக்ல இருக்கிற ஒரு தோழி வூட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த ரோட்டைப் பெருக்கற காண்ட்ராக்ட் அக்கா என்னை நிறுத்தி, பூனை கிடைச்சுதா சார்னு கேட்டாங்க. இல்லைன்னேன்.

"அதே மாரி ஒண்ணு உங்க பழைய வூட்டு பின்படியிலதான் சார் உக்காந்துக்கினு இருந்துச்சு, நான் பெருக்க வர்ற நேரத்துக்கெல்லாம். உங்களுதோன்னு கூட நினைச்சேன். நோட்டீஸ்ல ரெண்டு பக்கமும் செவலை போட்டிருந்தீங்க. இதுக்கு ஒரு பக்கந்தான். அந்தாண்ட பக்கம் சுத்த வெள்ளை."

அவங்க சொல்லிக்கினே போனாங்க. அந்த வரிசையில கடைசி வூட்ல ரிட்டயர் ஆகப் போற ஒரு பெரியவரும் அவர் சம்சாரமும் அதுக்குச் சோறு வச்சிருக்காங்க. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த அம்மா பூனையைத் தூக்கிக்கினு பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, பூனையை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பி நோட்டீஸோட ஒத்துப் பார்த்திருக்காங்க. அடுத்தவங்க பிள்ளைங்களோட பூனையை நாம கொண்டு போயிடக் கூடாதுன்னு அவ்வளவு நேரம் பார்த்திருக்காங்க. அப்புறம் இது வேறதான், யாரோ விட்டுட்டுப் போனதுன்னு முடிவு பண்ணி, கூடவே கூட்டிட்டுப் போயிட்டாங்க.

பாப்பா, நீ அழுவேன்னு நினைச்சேன். நீ அந்த அக்காகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டே.

"கோணியில கட்டியாக்கா எடுத்துக்கினு போனாங்க?"

"இல்லம்மா. காருல, முன் சீட்டுல. மடியிலதான் வச்சிருந்தாங்க."

சரிக்கான்னு சொல்லிட்டு வண்டியில ஏறி உக்காந்தே. தோழி வூட்டுக்குப் போக வேண்டாம்னுட்டே. பாதி வழியில, "தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்"னு சொன்னே. நீ அவன்கிட்ட என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. அவன் என்கிட்ட வந்து, பூனைக்கு ஜன்னல் பக்கம் சீட்டு கிடைச்சுதான்னு மட்டும் கேட்டான். கிடைச்சுதுன்னு சொன்னேன்.

அந்தப் பெரியவரைப் பத்தி உங்க அம்மா ஆபீஸ்ல விசாரிச்சாங்க. ஒருத்தர் தென்காசிப் பக்கம்னாரு, இன்னொருத்தர் நாகர்கோவில்னாரு. கிடைச்ச நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு வந்துச்சு. நல்லவங்க கையிலதான் போயிருக்குன்னு அம்மா சொன்னாங்க. அது உண்மைதான். ஆனா நல்லவங்க அத்தனை கவனமா பார்த்தும் ஏமாந்தது என் படத்தாலதான்.

வலது பக்கம் வெள்ளைன்னு எனக்குத் தெரியாம இல்லை. ஈரத்துணியால துடைச்ச கை இது. தினமும் அந்தப் படத்தையே பார்த்துப் பார்த்து, தெரிஞ்சதுக்கு மேல அது படிஞ்சுபோச்சு. உங்களுக்கும் அதே மாதிரி படிய வச்சுட்டேனேன்னுதான் மனசு ஆறல.

மறுநாள் அம்மா ஆபீஸ் போய், நீங்க ஸ்கூல் போன பிறகு, அந்தத் தோலைத் திறந்தேன். வலது பக்கத்துச் செவலையை மொத்தமா அழிக்க ஒரு நொடி போதும். அப்படிச் செய்ய மனசு வரல. ஒவ்வொரு ரோமமா வெள்ளையில வரைஞ்சு மூடினேன். தோள்கிட்ட சுழிச்சு, வயித்தைப் பார்த்து இறக்கினேன். முதுகு நடுவில செவலை எந்த இடத்தில நின்னுச்சுன்னு மட்டும் எனக்கு ஞாபகம் வரல. உத்தேசமா ஒரு இடத்தில நிறுத்தி, அந்தக் கம்ப்யூட்டர் ஊர்ல என் கடையில இருந்த பழைய தோலை எடுத்துட்டு இதை வச்சேன்.