தை மாதத்துக் கிணறு

நான் நிலத்தடி நீர் பார்க்கிறவள். வேங்கிக்காலில் வாடகை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, யாரோ எங்கோ தோண்டப்போகும் சுரங்கங்களின் அறிக்கைகளைப் படித்து, தண்ணீருக்கு என்ன ஆபத்து என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு.

போன வருடம் தை மாதம் ஒரு தாமிரச் சுரங்கத்தின் சாத்தியக்கூறு அறிக்கை வந்தது. வேறு மாநிலம், வறண்ட பூமி. குழி ஆழமாகப் போகப் போக ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றியிருக்கும் நான்கு ஊர்களும் குடிப்பது அதே நீரைத்தான். ஊர்க் கிணறுகளின் நீர்மட்ட அட்டவணை மிக நேர்த்தியாக இருந்தது. நேர்த்தியான அட்டவணையைக் கண்டால் எனக்குப் புத்தி மழுங்கிவிடும். என் மதிப்பீட்டுத் தாளில் தண்ணீர் என்ற வரிக்கு எதிரே 'ஆபத்து குறைவு' என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டு, அறிக்கையைச் சரிபார்க்கும் குழுவின் தலைவருக்கு அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் காபி குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை அடி அண்ணாமலைக்கு இழுத்துப் போனாள். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை போடுகிறவள் அவள். அங்கே கிணற்றோடு அரை ஏக்கர் விலைக்கு வருகிறதாம். கிணற்றில் நான்கு படிதான் வெளியே தெரிந்தது, அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர். நானாக இருந்தால் அங்கேயே சரி என்றிருப்பேன்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சித்திரையில வந்து பாக்குறேங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றாள்.

"எங்க கிணறு வத்தவே வத்தாதுங்கம்மா" என்றார் நிலத்துக்காரர்.

"அப்போ சித்திரையிலயும் இப்படியேதானே இருக்கும். என்ன அவசரங்க?"

கிணற்று நிலம் வாங்க நினைக்கும் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்வதுதான் இது. எனக்கு முகம் சுட்டது. வீட்டுக்கு வந்து அட்டவணையின் தேதிகளைப் பார்த்தேன். இரண்டு முறை அளந்திருந்தார்கள், இரண்டும் மழை முடிந்த கையோடு. காரணம் எனக்குத் தெரியும். கோடை வெயிலில் களத்துக்குப் போக எந்த ஆய்வுக் குழுவுக்கும் மனம் வராது. நானும் போனதில்லை. என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

குழுத்தலைவரை அழைத்து, 'அதிகம்' என்று மாற்ற வேண்டும், ஒரு கோடை அளக்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன்.

"கோடை வரைக்கும் நின்னா ப்ராஜெக்டே தள்ளிப்போயிடும்மா. மத்தவங்க எல்லாம் குறைவுன்னுதான் போட்டிருக்காங்க."

"எங்க அக்கா அரை ஏக்கருக்கே சித்திரை வரைக்கும் பொறுத்துக்குறாங்க சார்."

"அவங்க எந்த கம்பெனி?" என்றார்.

சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வருடத்தில் பாதி நாள் அவர் தரும் வேலையில்தான் என் குடும்பம் ஓடுகிறது. இருந்தாலும் மாற்றி எழுதி, மறுபடி அடியில் என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அதன் பிறகு அவர் அழைக்கவில்லை. இரண்டில் எந்தத் தாள் அறிக்கைக்குள் போனது என்றும் யாரும் சொல்லவில்லை.

சித்திரையில் அக்காவும் நானும் மறுபடி போனோம். படிகள் மொத்தமும் வெளியே நின்றன, அடியில் சேறுதான். அக்கா நிலத்துக்காரரை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. "வேணாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்ப அக்காவால் முடிந்தது. அந்த நான்கு ஊர்க்காரர்கள் எங்கே திரும்புவார்கள்? நான் முதலில் எழுதிய 'குறைவு' இன்னும் யாருடைய கம்ப்யூட்டரிலோ, என் பெயரோடு இருக்கிறது.