ஆத்தா முன்னால் வைத்த தட்டு

அம்மனை நம்பியிருக்கும் சொந்தங்களே, அழாமல் சொல்லி முடிப்பேனா தெரியவில்லை.

இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர், வயதாகி வேலை நின்றதும் கசிப்புச் சாராயத்தில் விழுந்தார். விடிந்தால் வெறும் தேத்தண்ணி, அப்புறம் போத்தல். பொழுது சாய்ந்தால் அரை ரொட்டியும் சம்பலும். சோற்றை வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவார். கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரி டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "குடி ஒரு பக்கம் கொல்லுது, சாப்பிடாதது ஒரு பக்கம் கொல்லுதும்மா. வயசான உடம்பு தாங்காது" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று நான் கும்பிடவில்லை, சண்டை போட்டேன். "ஆத்தா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? அந்த மனுசன் வயிறார ஒரு வாய் திங்கணும். தெளிஞ்ச கண்ணோட என்னைப் பாக்கணும். வேற என்னத்தக் கேட்டேன் ஒங்கிட்ட?"

பூசைப் பொங்கலை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். வழக்கம்போல் தள்ளுவார் என்று நினைத்தேன். தள்ளவில்லை. "ஆத்தா சோறா? குடிச்ச வாயால தொடக்கூடாது. காலைல திங்கிறேன்" என்றார். மறுநாள் அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்து, திருநீறு பூசி, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அப்போதுதான் ஆத்தா வழி காட்டுகிறாள் என்று புரிந்தது.

அன்றிலிருந்து சோறு, பருப்பு, கீரை, பூசணிக்காய் எதை ஆக்கினாலும் எங்கள் லயன் வீட்டுக் காம்பராவிலிருந்த அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டித்தான் கொடுத்தேன். காலைத் தட்டுக்காகக் காலைக் குடியை விட்டார். பிறகு பகல் தட்டு வந்தது, அந்தித் தட்டும் வந்தது. கிளினிக் மருந்தும் ஒழுங்காகக் குடித்தார். போத்தலுக்கு நேரமே இல்லாமல் போனது. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

ஆனால் ஈரல் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது, சொந்தங்களே. போன மார்கழியில் படுத்தவர் எழும்பவில்லை.

கடைசி நாள் கஞ்சி காய்ச்சி, ஆத்தாளுக்குக் காட்டி, ஊட்டினேன். இரண்டு கரண்டி குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் தெளிவாக இருந்தது.

"நீ சாப்ட்டியா?"

எத்தனை வருசமாகக் கேட்காத வார்த்தை! "ஆச்சுங்க" என்றேன்.

"பொய் சொல்லாத. ஆத்தா சோறு, வீணாக்கக்கூடாது. குடி."

மிச்சக் கஞ்சியை அந்தக் கோப்பையிலேயே அழுதுகொண்டு குடித்தேன். விடிவதற்குள் போய்விட்டார்.

நெஞ்சு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் கேட்டதை ஆத்தா கொடுத்தாள், இல்லையென்று சொல்ல எனக்கு வாயில்லை. அவர் போன பிறகு சோறு இறங்காத நாளிலும் படத்துக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடுகிறேன். உங்கள் வீட்டிலும் தட்டைத் தள்ளுகிற மனுசர் இருந்தால் அவளிடம் போய்ச் சண்டை போடுங்கள், கோபிக்க மாட்டாள். ஆனால் நாள் கடத்தாமல் போங்கள். நான் கொஞ்சம் பிந்திவிட்டேன்.