மாமியின் கெட்டிச் சவுக்காரம்

கல்யாணமாகி மடவளை வீட்டுக்குப் போன முதல் கிழமையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது குசினிக் கதவின்மேல்தான். அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. குசினிக்கு எதற்குத் தாழ்ப்பாள்? நான் பிறந்த கண்டி டவுன் வீட்டில் நகைப் பெட்டகம் இருந்த அறைக்குக்கூட அப்படியொன்று கிடையாது. இங்கே என் புருஷனின் உம்மா, அதாவது என் மாமி, சவுக்காரம் காய்ச்சுகிற நாளில் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டால் பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும்வரை வெளியே வரமாட்டார். நானும் புருஷனின் தங்கையான மச்சியும் கொல்லையில் கல் கூட்டிச் சோறாக்குவோம். "கண் பட்டா திரிஞ்சு போகும் மகள்" என்பார் மாமி. என் கண்ணில் அப்படி என்ன நஞ்சு இருந்தது? மருமகளை அடுப்படியில் போட்டு வாட்டுகிற மாமிமாரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அடுப்படிக்கு வெளியே நிறுத்துகிற மாமியை அங்கேதான் கண்டேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. மடவளையில் பல வீடுகளில் பெண்கள் சவுக்காரம் காய்ச்சினார்கள். தேங்காய் மட்டையை எரித்த சாம்பலை அடியில் ஓட்டை போட்ட பானையில் நிரப்பித் தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாக வடிகிற காரத்தைப் பிடித்து, தேங்காயெண்ணெயோடு சேர்த்துக் கிண்டிக் காய்ச்சினால் பழுப்பாகக் கூழ் மாதிரி ஒன்று வரும். அதைச் சிரட்டையில் அள்ளி உடுப்புக்குப் போடலாம். மேலுக்குப் போட்டால் எத்தனை வாளி ஊற்றினாலும் வழவழப்புப் போகாது. மாமியின் சவுக்காரம் அப்படியல்ல. பலகை போல் இறுகும், நூலால் அறுத்தால் கட்டி கட்டியாக விழும், கராம்பு வாசம் வேறு. சீமைச் சவுக்காரத்துக்குக் கொஞ்சமும் குறையாது, விலையோ அதில் பாதி. என் புருஷனின் சின்னக் கடையில் அரிசியைவிட அதுதான் கெதியாகத் தீரும். மாமா மௌத்தான பிறகு அந்த வீட்டில் உலை கொதித்ததே சவுக்காரத்தால்தான் என்று மச்சி சொல்லியிருக்கிறாள். அதே எண்ணெய், அதே சாம்பல், ஊருக்கெல்லாம் கூழ், இவருக்கு மட்டும் கட்டி. சந்தேகப்படாமல் என்ன செய்வது?

நான் சும்மா இருக்கவில்லை. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன், மாமியின் முதுகுதான் தெரிந்தது. கழுவ வந்த சட்டியை முகர்ந்தேன், கராம்புதான் மணத்தது. மாமியும் லேசுப்பட்டவர் அல்ல. செய்முறையைக் களவெடுத்து என் உம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்ற பயம் அவருக்கு. கண்டிக்குப் போய் வந்தால் பர்தாவைக் கழற்றுமுன் "அங்க என்ன கதச்சீங்க?" என்று கேட்பார். ஒரே கோப்பையில் தேத்தண்ணீர் பகிர்ந்து குடித்துக்கொண்டே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தோம்.

மச்சிக்குக் கலகெதரையில் மாப்பிள்ளை பேசி முடித்தார்கள். நல்ல இடம், கடைத்தெருவில் சொந்தக் கடை. மச்சிக்கும் பிடித்துப்போயிற்று. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் ஊரில் ஒரு கதை கிளம்பியது. மாமியின் சவுக்காரம் அப்படி இறுகுவது பன்றிக் கொழுப்பால்தானாம், கட்டுகஸ்தோட்டையில் ஒரு துரை வீட்டுக் குசினியிலிருந்து அது வருகிறதாம். கெட்டியான சீமைச் சவுக்காரத்தைப் பற்றி ஏற்கனவே அப்படியொரு பேச்சு இருந்ததால், இதுவும் கெட்டி, ஆகவே இதிலும் அதுதான் என்று கணக்குச் சரியாகப் போயிற்று. நஜீஸான, அசுத்தமான சவுக்காரத்தைப் போட்டுக் கடமையான குளிப்புக் குளித்திருந்தால் தொழுகை என்னாவது? பெண்கள் வாங்கிய கட்டிகளைக் கொண்டுவந்து கடை வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். கலகெதரையிலிருந்தும் ஆள் வந்தது. சந்தேகம் தீராமல் நிக்காஹ் இல்லை.

மச்சி சாப்பாட்டை விட்டாள். மாமி என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. "குசினிக் கதைய வெளிய கொண்டுபோனது ஆரு மகள்?" நானில்லை என்று அழுதேன். ஆனால் எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் எதுவும் இருக்கலாமே? யாரும் பார்க்காத நேரத்தில் என் கைகளையே முகர்ந்து பார்த்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் லெப்பை வந்து வாசலில் நின்று தணிவாகச் சொன்னார். "சத்தியம் ஒண்டும் வாணாம். பொம்புளைகள் பாக்க ஒருக்காக் காய்ச்சிக் காட்டுங்க, கத முடிஞ்சிடும்." மாமி குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அகப்பட்டுக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளையின் உம்மாவோ தன் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அதைக் கேட்ட பிறகு மாமி, "சரி, வரச் சொல்லுங்க" என்றார்.

அன்றைக்குக் குசினிக் கதவு அகலத் திறந்திருந்தது. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சம்பந்தி அடுப்புக்குப் பக்கத்திலேயே பலகையைப் போட்டுக்கொண்டார். எண்ணெய் எவ்வளவு, காரம் எப்போது, எந்தப் பதம் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், மாமி ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சட்டியில் எல்லார் வீட்டிலும் வருகிற அதே கூழ்தான் வந்தது. மாமி அகப்பையை நிறுத்தினார். மூலையில் காய்ந்த முகத்தோடு நின்ற மகளைப் பார்த்தார். பிறகு சுவர்த் தட்டிலிருந்த ஒரு பானையை இறக்கி, கல்லுப்பைக் கை கையாக அள்ளிச் சட்டிக்குள் போட்டார். சற்று நேரத்தில் கூழ் திரைந்து மேலே வெள்ளையாக ஒதுங்க, கலங்கல் தண்ணீர் அடியில் நின்றது. மேலே மிதந்ததை வழித்துப் பெட்டியில் அமுக்கினார்.

"உப்பா?" என்றாள் ஒருத்தி. "அல்லாஹ்வே, வெறும் உப்பா?" குசினியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, பின்னாலேயே அழுகையும் வந்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை.

நிக்காஹ் குறைவில்லாமல் நடந்தது. அதற்குள் மடவளையில் உப்புப் போடாத சவுக்காரச் சட்டியே இல்லை என்றாகிவிட்டது. எங்கள் கடையில் மாமியின் கட்டிகள் தூசி பிடித்துக் கிடந்தன. மச்சி முதல் தடவை புருஷனோடு வந்தபோது ஒரு பார்சலை அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று சவுக்காரக் கட்டிகள், கராம்புக்குப் பதிலாக ஏலக்காய் வாசம். "எங்கட மாமி காய்ச்சினது. குருநாகல் வரைக்கும் போகுது உம்மா" என்றாள் பெருமையாக.

அந்தக் கட்டிகளைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மச்சி கிணற்றடிக்குப் போனதும் மாமியைப் பிடித்துக்கொண்டேன். "மாமி, பண்டிக் கதையக் கட்டிவிட்டதே அந்தச் சம்பந்திக்காரிதான். தொழிலக் களவெடுக்கத்தான் பலகையப் போட்டு உக்காந்தா!"

மாமி ஒரு கட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் மகள். பொண் பாக்க வந்த அண்டைக்கே கேட்டா, எப்பிடி இறுக்குற எண்டு. நான் சொல்லல்ல."

"தெரிஞ்சுமா காட்டினீங்க?"

"பொறகு? புள்ளய வீட்டோட வெச்சிக்கிட்டு நான் சவுக்காரம் வித்துக்கிட்டு ஈக்கவா? அவ கேட்ட சீதனம் அதுதான். குடுத்தாச்சு." கிணற்றடியில் மச்சி புருஷனோடு சிரிக்கிற சத்தம் கேட்டது. மாமி குரலைத் தாழ்த்தினார். "இது அந்தப் புள்ளைக்கு ஒருநாளும் தெரியவாணாம்."

மச்சி போன வருஷம்தான் மௌத்தானாள். அவ்வளவு காலமும் தன் மாமியாரை நல்ல மனுஷி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள், நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் மாமிக்கு மட்டும் கடைசிவரை என்மேல் நம்பிக்கை வரவேயில்லை. மச்சியும் நானும் தனியாக உட்கார்ந்து கதைத்தால், கண் பார்வை போன பிறகுகூட, சுவரைத் தடவித் தடவி வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வார்.