செவ்வாய்க்கிழமைக் கொட்டாவி

எனக்குத் தலைவலி வருவதற்கு முன்னால் ஓர் அழகு வரும். கண்ணோரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளி. அது ரம்பத்தின் ஓரம் மாதிரி பல்பல்லாக வளைந்து, மினுங்கிக்கொண்டே மெல்ல அகலும். ஓசூர்க் குளிரில் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது வந்தால், பனிமூட்டமும் ரோஜாத் தோட்டங்களும் தண்ணீருக்கடியில் நகர்வது போலிருக்கும். சொன்னால் சிரிப்பார்கள், அந்தச் சில நிமிடங்கள் எனக்குப் பிடித்தேயிருந்தன. பிறகு மண்டையிடியும் வாந்தியும் வரும், பிடித்ததெல்லாம் மறந்துபோகும்.

வேலையோ கண்ணை நம்பிய வேலை. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் டிரெய்னியாக இருந்தேன். லென்ஸ் விளக்கின் கீழே சின்னச் சின்ன எஃகு வளையங்களைத் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததைச் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். வெளிச்சம் கண்ணுக்குள் ஆடிய நாட்களில் எல்லா வளையத்திலும் எனக்குக் கீறல் தெரிந்தது. நல்லதையெல்லாம் சிவப்பில் கொட்டினேன்.

"கண்ணு சரியில்லன்னா பெர்மனன்ட் பண்ண மாட்டாங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். திட்டியிருந்தால்கூடத் தேவலை, பரிதாபப்பட்டுச் சொன்னார். ஊருக்குத் திரும்பினால் தீப்பெட்டி ஒட்டத்தான் போக வேண்டும்.

கம்பெனி டாக்டர், "இது ஒற்றைத் தலைவலி. பட்டினி கிடந்தா வரும். வேளாவேளைக்குச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். "சாப்பிடறேன் சார்" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. வேலை நிரந்தரமாக வேண்டுமென்று முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை விரதம் இருந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். விரதத்தைப் போய் யாராவது பட்டினி என்பார்களா?

பக்கத்து நாற்காலிக்காரிதான் கண்டுபிடித்தாள். தொரப்பள்ளிப் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், என்னைவிடச் சின்னவள், அவளும் டிரெய்னிதான்.

"செவ்வாக்கெழமன்னா நீ காலையிலருந்து கொட்டாவியா விடறக்கா. அப்பறம் கழுத்தப் பிடிச்சுக்கற. அப்பறந்தான் அந்தச் செவப்பு டப்பா ரொம்புது. வெரதத்த விட்டுடு."

"சாமி காரியத்துல வாய வைக்காத" என்று சீறினேன்.

அவள் விடவில்லை. "சரி, உன் வெரதத்த நான் இருக்கறேன். எனக்குப் பசிதான் வரும், தலவலி வராது. நீ சாப்புடு."

அடுத்த செவ்வாயிலிருந்து கேன்டீனில் எனக்கு இட்லி வாங்கி வைத்துவிட்டு, எதிரே வெறும் தண்ணீரைக் குடித்தபடி உட்கார்ந்திருப்பாள். நான் தின்று முடிக்கும்வரை எழமாட்டாள். கொட்டாவி தொடங்கியதுமே தண்ணீர் குடிக்கவும், கழுத்து இறுகினால் டாக்டர் கொடுத்த மாத்திரையை அப்போதே போடவும் நானும் பழகினேன். அப்படியும் புள்ளி வந்துவிட்டால், சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அது அணையும்வரை பாக்கிங் பக்கம் போய் நிற்பேன். மெல்ல மெல்ல அது வருவதே குறைந்தது. கிருஷ்ணகிரி மாம்பழ சீசனில் பஸ்ஸில் யாரோ கொண்டுவந்த கூடையின் வாசம், தலையைக் குடையாமல், வெறும் வாசமாக வந்து போனது. அந்தப் பயணம் முடியாமலே இருக்கக் கூடாதா என்றிருந்தது.

மழைக்காலத்தில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அவளுக்கு வரவில்லை. ஆள் போதும் என்றுவிட்டார்கள்.

கம்பெனி கேட்டருகே நின்று அவளிடமே எரிந்து விழுந்தேன். அழுகை வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். "சாமிகிட்ட எனக்குக் கேட்டப்ப உனக்கும் சேத்துக் கேக்க வேண்டியதுதானடி?"

"வெரதம் உன்னுதுக்கா" என்றாள். "அதுல எப்படி என்னோடத கேக்கறது?"

இன்றும் செவ்வாய்க்கிழமை காலையில் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். சாப்பிட்டபடியே முருகனிடம் அவளுக்காகக் கேட்கிறேன். வயிறு நிறைந்தவளின் வேண்டுதலை அவன் காதில் வாங்குகிறானா என்று தெரியவில்லை.