ஓடு, போ, சொல்லு

எசிஹா ஊரில் காசில்டாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சந்தையில் மீன்காரிகூட, "வாடி கொர்ரேவேதீலே, மாடி என்ன சொல்லுது, கீழ்வீடு என்ன சொல்லுது?" என்றுதான் வம்புக்கு இழுப்பாள். அந்த ஊர்ப் பேச்சில் ஓடு, போ, சொல்லு என்ற மூன்று ஏவல்களும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகி, கோள்சொல்லிகளுக்குப் பட்டப்பெயராகிவிட்டன. காசில்டா கோள் சொன்னவள் அல்ல. ஏவல்தான் அவள் பிழைப்பு.

அவள் வேலை செய்த வீட்டில் எவரிஸ்தோ கீழே இருந்தார். அவர் மனைவி ப்ருதென்சியா மாடியில். மாமனார் சாவுக்கு வராமல் அவர் முயல் வேட்டைக்குப் போன நாளோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

"ஓடு, அந்த மனுஷன்கிட்ட இருமல் சகிக்கலன்னு சொல்லு."

"காதுல பஞ்சு வச்சுக்கச் சொல்லு, போ."

கணவனை இழந்து அங்கே வேலைக்கு வந்த காசில்டா, படியேறியே இளமையைத் தொலைத்தாள்.

எண்ணெய் ஆலையில் வேலை செய்த எலாடியோ கேட்டான்: "பார்சிலோனால வேலை கெடச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ரயில். வர்றியா, கட்டிக்கலாம்?"

வரத்தான் ஆசை. ஆனால் ஐயாவுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. முழங்கால் வலிக்காரியான மாடி அம்மாவுக்குத் தட்டு யார் கொண்டுபோவது? இருவரையும் சேர்த்து வைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

"ஐயா உங்க முழங்கால் எப்படியிருக்குன்னு கேட்டாரும்மா."

"இருமலுக்கு அம்மா தேன் குடுத்தனுப்பினாங்க."

சனிக்கிழமை ப்ருதென்சியா சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்தாள். எவரிஸ்தோ எழுந்து நின்றார்.

"தேன் நல்லாயிருந்துச்சு."

"எந்தத் தேன்? நீங்க என் முழங்காலைக் கேட்டீங்களே?"

"நான் எதுக்குக் கேக்கறேன்?"

இருவர் பார்வையும் காசில்டாமேல் திரும்பியது.

"பொய்க்காரி!" என்றாள் ப்ருதென்சியா.

"சரியான பொய்க்காரி," என்றார் அவர். பல வருடங்களில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போனார்கள்.

காசில்டாவுக்கு நெஞ்சு லேசானது. "அப்ப நாளைக்கு நான் எலாடியோவோட கெளம்பறேன்," என்றாள். எவரிஸ்தோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

காலையில் தன் அறையிலிருந்து மூட்டையோடு வந்தபோது வாசல் கதவு பூட்டியிருந்தது. ஒரே மேசையில் இருவரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"சாவி குடுங்க ஐயா."

"எதுக்கு? ஆலைக்குப் போய் அவன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், வரமாட்டேன்னு நீ சொல்லச் சொன்னதா."

கதவைத் தட்டினாள், கத்தினாள். ஊரைத் தாண்டி ரயில் கூவிப் போனது.

திங்கட்கிழமை கதவு திறந்தது. பழையபடி அவர் கீழே, ப்ருதென்சியா மேலே. காசில்டா கடைக்குப் போய், ரொட்டியோடு திரும்பி வந்தாள்.